நூல் போட்டுக் கட்டிய சிப்பிகள்

கொக்கி காலை பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் வரும். வந்தால் மனைவி வேண்டும். மனைவி பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வீடு திரும்ப நாலரை ஆகும். அதுவரை அடக்க வேண்டும். அடக்கிப் பழகிவிட்டான்.

துறைமுகத்தில் கிரேன் கொக்கியைச் சரக்கில் மாட்டிவிடும் வேலையைப் பத்தொன்பது வருஷம் பார்த்தவன். அதில் வந்த பெயர். இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று சரிந்து இடுப்பை நசுக்கிய பிறகு, நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் பத்தடி நடப்பான். படி என்றால் ஒன்றுகூட ஆகாது. வீடோ கடலோர மேட்டின் மேல், பதினோரு வீட்டு வரிசையில் ஏழாவது. பொதுக் கழிப்பறை மேட்டுக்கு அடியில், நாற்பத்திரண்டு படிக்குக் கீழே. இரண்டு வருஷமாக அவனுக்கு ஒற்றை அறை, கட்டில், கட்டிலுக்கடியில் மூடி போட்ட வாளி. வாளியில் உட்காரக்கூட அவள் அக்குளில் கைகொடுக்க வேண்டும்.

அவளுடைய அண்ணன் கொத்தனார். அவர்தான் வழி சொன்னார்.

"பின்கதவ ஒட்டி ஒரு கக்கூஸ். தரை மட்டத்துலயே. படி கிடையாது. சுவத்துல ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. மாப்ள கட்டில்ல இருந்து எட்டே அடி. யார் கையும் வேணாம்."

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பியா மச்சான்?" என்றான் கொக்கி.

"அது எதுக்கு? வீட்ல நீங்க ரெண்டே பேரு."

"நான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சுய்யா. வை."

நகராட்சியில் அனுமதி கிடைத்தது. குழிக்குள் இறக்க ஐந்து சிமெண்டு உறைகள் வந்து பின்சந்தில் உருண்டு கிடந்தன. அண்ணன் தோண்ட ஆரம்பித்தார். மூன்றடி வரை வண்டல். நாலாவது அடியில் கடப்பாரை கரகரத்தது. அள்ளிப் போட்டால் முழுக்கச் சிப்பி. வெள்ளைவெளேர் என்று, உள்ளங்கை அகலத்தில், தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் போடும் சிப்பி. குழியை அளக்க வந்த நகராட்சி ஓவர்சீயர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இத எழுதி அனுப்பணும். ரூல் இருக்கு."

"சிப்பிக்கு என்னங்க ரூலு? கடல் பக்கம் சிப்பி இல்லாம செங்கல்லா இருக்கும்?" என்றார் அண்ணன்.

"கடல் கீழ இருக்கு. சிப்பி மேல இருக்கு. அதுக்குத்தான்."

பத்தாம் நாள் நிலவியல் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், ஆம்பிளைச் செருப்பு. வரிசை வீட்டு ஜனங்கள் மேடம் என்றார்கள். அண்ணன் தோண்டிய குழியை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் காலியாகக் கிடந்த இடத்தில் சதுரமாக இன்னொன்று தோண்டினாள். உள்ளூர் ஆட்களையே வேலைக்கு வைத்தாள். சிப்பி கழுவ யாருக்குத் தெரியும் என்று கேட்டதும் பத்துப் பேர் ஒரே ஆளைக் கை காட்டினார்கள்.

கொக்கியின் மனைவிக்கு வரிசையில் சிப்பிக்காரி என்று பெயர். பள்ளிக்கூட வேலைக்குப் போவதற்கு முன் ஒன்பது வருஷம் சிப்பிச் சாமான் பட்டறையில் வேலை பார்த்தவள். சின்ன டப்பா, விளக்கு மூடி, சோப்புத் தட்டு. குவியலில் கிடக்கும் ஓடுகளில் ஒன்றோடொன்று பொருந்துவதைத் தேடி எடுத்து, நூல் கட்டி, ஒட்டுகிற மேஜைக்கு அனுப்புவது அவள் வேலை. பொருந்தாத ஓடு குப்பைக்குப் போகும். தட்டில் ஒற்றை ஓடு மிஞ்சினால் மேற்பார்வைக்காரன் தட்டைத் தூக்கிக் காட்டி எல்லார் எதிரிலும் கேட்பான்: "இதென்ன, தாலி அறுத்துக்கிட்டு வந்ததா?" அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவள் விரல்கள் கண்ணை விட வேகமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டன.

பள்ளிக்கூடம் விடுமுறை. மூன்று வாரம் சிப்பி கழுவினாள். மேடம் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததில் குழப்பம் எதுவும் இல்லை. மூடியபடி வருகிற சிப்பி கழுவும்போது பிரிந்துவிடும், அதனால் அதை நூலால் கட்டிவிடு. மற்றதைத் தட்டில் கொட்டு. அவ்வளவுதான்.

அவள் மூடியதைக் கட்டினாள். பிறகு தட்டைப் பார்த்தாள். தட்டு நிறைய ஒற்றை ஓடுகள். மேடத்துக்கு வேறு ஊரில் இன்னொரு குழி இருந்ததால் வாரத்தில் நாலு நாள் வர மாட்டாள். ஒற்றையாகக் கிடப்பதைச் சிப்பிக்காரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒன்றை எடுத்தாள், அதன் ஜோடியைத் தேடினாள், பொருத்தினாள், கட்டினாள். சாயங்காலம் கணக்கெழுத வந்த ஆய்வு அலுவலக எழுத்தர், ஓய்வுக்கு ஆறு மாதமே இருந்த மனுஷர், தட்டைப் பார்த்து, "சுத்தமா இருக்கும்மா ஒன் வேலை" என்றார். நூல் கட்டியது இத்தனை, ஒற்றை இத்தனை என்று எழுதிப் பெட்டியில் அடைத்தார். அந்தப் பாராட்டில் அவள் மறுநாள் இன்னும் அதிகமாகக் கட்டினாள்.

மூன்று மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. மேட்டில் அரையடிக்குக் கீழே எதையும் தோண்டக் கூடாது. வீடுகள் இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். குழி மட்டும் ஆகாது.

அண்ணன் விடவில்லை. தொட்டியைத் தரைக்கு மேலே கட்டலாம் என்று சந்தில் கயிறு பிடித்து அளந்தார். அளந்து முடித்துச் சுவரோரம் குந்தினார்.

"தொட்டி மேல இருந்தா உக்கார்ற எடம் அதுக்கும் மேல போயிடும். ஏழு படி வருது மாப்ள."

"சரிவு வை."

"வாக்கர் ஏறுற மாதிரி சரிவுன்னா நாப்பது அடி வேணும். சந்தே பன்னெண்டு அடி."

"அப்ப என்ன பண்றது? கிரேன் கொண்டுவந்து என் இடுப்புல கொக்கி மாட்டித் தூக்கி வைங்க. மாட்டுற வேலைய நானே பார்த்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவனே கொஞ்சம் சிரித்தான்.

ஜனங்களுக்கு விளக்கம் சொல்ல மேடம் வந்தாள். வரிசை நடுவில், ஏழாவது வீட்டு வாசலுக்கு எதிரில் நின்று பேசினாள். கொக்கி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"பூமி உறையறதும் உருகறதுமா இருந்த காலம் அது. ஒரு தடவ உருகினப்போ கடல் இந்த மேடு வரைக்கும் வந்து நின்னுது. லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. மறுபடி உறையவும் தண்ணி கீழ எறங்கிடுச்சு, இதுங்க மட்டும் இங்கயே தங்கிடுச்சு. இந்த மாதிரி சிப்பி பல எடத்துல இருக்கு. ஆனா எல்லாம் அலை அடிச்சு ஒதுக்கினது. செத்த சிப்பி வாயத் தொறந்துடும், ஓடு ரெண்டும் தனித்தனியாப் போயிடும். இங்க கெடச்சதுல முக்கால்வாசி மூடியே இருக்கு. அப்படின்னா அது வாழ்ந்த எடத்துலயே, சேறு வந்து மேல விழுந்து, தொறக்க முடியாம அப்படியே செத்திருக்கு. அப்படி ஒரு கடல் தரை முழுசாக் கெடைக்கறது ரொம்ப அபூர்வம். நூத்தி எண்பத்தாறு ஜோடி, மூடினபடி."

"அதுங்களுக்கும் படி எறங்க முடியல போல" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

சிப்பிக்காரி சிரிக்கவில்லை. நூற்று எண்பத்தாறு என்றதும் அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மண்ணிலிருந்து மூடியபடி வந்தவை முப்பது இருக்கும். மிச்சமெல்லாம் அவள் கை ஜோடி சேர்த்தது.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் காலை, அவனை வாளியிலிருந்து தூக்கிக் கட்டிலில் உட்கார்த்தி, துடைத்துவிட்டு, வாளியை மூடும்போது சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு அவன் சுவரைப் பார்த்தான்.

"அப்ப இந்தக் குழியத் தடுத்தது நகராட்சியும் இல்ல, மேடமும் இல்ல."

"நாந்தான்."

"போய்ச் சொல்லு."

"எப்படிங்க சொல்றது? ஏமாத்திட்டேன்னு புடிச்சுக் குடுத்தா? அந்த எழுத்தர் ஐயா பாவம், ரெண்டு மாசத்துல வீட்டுக்குப் போற மனுஷன். அவர் எழுதினதுன்னு அவர் தலையில விழும். அந்த மேடம் நம்மகூட ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டவங்க."

"அவங்க சாப்ட்டு எந்திரிச்சு எங்க போனாங்க? அவங்களா நடந்து போனாங்கல்ல?"

அவள் மூடிய வாளியைக் கதவோரம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்காகப் போக வேணாம்" என்றான். "இந்த வாளிய இன்னும் எத்தன வருஷம் தூக்குவ? ஒனக்கு நாப்பத்தாறு. எனக்கு அம்பது. எங்கப்பா எண்பத்திரண்டு வரைக்கும் இருந்தாரு. கணக்குப் போட்டுப் பாரு. ஒனக்காகப் போ."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆய்வு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் நீளமான அறை, சுவர் முழுக்க இரும்பு அடுக்கு, அடுக்கு முழுக்க மரப்பெட்டி. அறிக்கைக்கு எழுத்தரின் எண்ணிக்கை போதும் என்பதால் அவள் கழுவிய சிப்பிகளின் பெட்டிகள் ஒட்டிய தாள் கிழியாமல் இருந்தன. மேடம் நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்ததும் மேடம் ஒரு பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தாள்.

"எது ஒன்னோடது, காட்டு."

அவளுக்கு நேரமே ஆகவில்லை. மண்ணிலிருந்து மூடியபடி வந்தது கையில் கனக்கும். உள்ளே சேறு கல்லாகி நிறைந்திருக்கும். அவள் சேர்த்தது காலி டப்பா மாதிரி இலேசாக இருக்கும். நூலை அவிழ்த்து அவிழ்த்துப் பிரித்தாள். ஆறு பெட்டி முடிந்தபோது ஒரு பக்கம் முப்பத்தொன்று, மறுபக்கம் மேஜை கொள்ளாமல் ஒற்றை ஓடுகள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஒற்றை ஓடு ஒன்றை எடுத்து, அதன் ஜோடியை மேலே வைத்துப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவ்வளவு கச்சிதமா எப்படிம்மா பொருத்தின? வெறும் கண்ணால பாத்திருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

"அது வேலைங்க."

"பெட்டியத் தூக்கிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. எழுத்தர் மேல எதுவும் வராது, அத விடு. ஆனா இந்தக் கணக்கு இனி செல்லாது. முப்பத்தொண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அலை ஒதுக்கின குவியல்லயும் அவ்வளவு இருக்கும். மறுபடி ஒரு குழி போட்டுப் பார்க்கணும்."

"அதுல தொறந்து கெடந்தா?"

"அறிவிப்ப வாபஸ் வாங்கச் சொல்லி நானே எழுதுவேன். ஒங்க வீட்டுக் குழிதான் பாதி தோண்டிக் கெடக்குதே, அதுலயே பார்ப்போம். இந்தத் தடவ கழுவற வேலையே கிடையாது. மண்ணுல இருக்கறத இருக்கற மாதிரியே பார்க்கணும். நீ கூட இரு."

அந்த வாரம் வீடு வேறு மாதிரி ஆனது. மேடம் கைக்கரண்டியும் தூரிகையுமாகக் குழிக்குள் இறங்கினாள். சிப்பிக்காரி பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு மண்ணை வாளியில் ஏற்றினாள். அண்ணன் வேறு வேலைக்குப் போகாமல் சந்தில் உட்கார்ந்து உறைகளைத் தேய்த்துக் கழுவினார். கொக்கி வாக்கரோடு பின்கதவு வரை வந்து, நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பவன் மாதிரி கேட்டான்.

"மூடியா, தொறந்தா?"

"தொறந்துதாங்க" என்றாள் குழிக்குள்ளிருந்து.

"இது?"

"இதுவும் ஒத்த ஓடு."

முதல் நாள் முழுக்க ஒற்றை ஓடு. இரண்டாம் நாளும் அப்படியே. சில்லும் துண்டுமாக, அலை அடித்து ஒதுக்கியது போலக் கன்னாபின்னாவென்று கிடந்தது. மேடத்தின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அதைப் பார்த்துச் சிப்பிக்காரிக்குப் பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் கொக்கி அண்ணனிடம் தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி பேசினான். இரும்பா, பித்தளையா என்று வாக்குவாதம் நடந்தது.

"பித்தளைன்னா கறுத்துடும் மாப்ள."

"கறுக்கட்டும். வேற என்ன வேலை எனக்கு? ஒக்காந்து தேய்ச்சிக்கிட்டு இருப்பேன்."

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, ஒற்றை ஓட்டு அடுக்குக்கு ஒரு சாண் கீழே, மேடத்தின் தூரிகை நின்றது. அவள் குனிந்து ஊதினாள். மறுபடி தூரிகையால் தட்டினாள். பிறகு சிப்பிக்காரியைப் பக்கத்தில் வரச்சொல்லி இடம் விட்டாள்.

மண்ணுக்குள் சிப்பிகள் செங்குத்தாக நின்றன. வாய் மேலே, முதுகு கீழே, பக்கம் பக்கமாக, அடுக்கில் செருகிய தட்டு மாதிரி. ஒன்றுகூடச் சாயவில்லை. எல்லாம் மூடியிருந்தன.

"நான் தொடல. நீ பாத்துக்க" என்றாள் மேடம். கைபேசியைத் தட்டிப் பார்த்தாள். குழிக்குள் சிக்னல் இல்லை. "ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்." ஏணியில் ஏறி, வீட்டுக்குள் புகுந்து, வாசல் பக்கம் போனாள்.

நிலைப்படியிலிருந்து கேள்வி வரவில்லை. அண்ணன் எழுந்து குழி விளிம்பில் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார்.

"கரண்டி இருக்குல்ல கையில" என்றார், குரலை இறக்கி. "அவங்க வர பத்து நிமிஷம் ஆகும். ஒடச்சுக் கலச்சு விடு. அலை ஒதுக்கின மாதிரி."

அவள் அண்ணாந்து புருஷனைப் பார்த்தாள். அவன் வாக்கரின் கம்பியைப் பிடித்திருந்தான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் ஓரத்துச் சிப்பியின் வாயில் கரண்டி முனையைச் செருகி நெம்பினாள். ஒன்பது வருஷம் சிப்பியோடு கிடந்த கை. எங்கே அழுத்தினால் பிரியும் என்று தெரியும். இது பிரியவில்லை. இன்னும் அழுத்தினாள். ஓடு நொறுங்கி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், உள்ளே அடைத்துக் கல்லாகிப்போன சேறு நின்றது. சிப்பியின் உட்புறம் எப்படியோ அப்படியே, இரண்டு பக்கமும் சேர்ந்த முழு உருவமாக, ஓரத்து ரேகை உட்பட. ஓடே இல்லாமல் அது மூடியிருந்தது.

அதையும் உடைக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அதற்குப் பின்னால் ஒன்று. குழியின் நாலு சுவரிலும் அந்த மட்டத்தில் வெள்ளைக் கோடு போயிற்று. சந்துக்கு அடியில், வீட்டுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில்.

"என்ன?" என்றார் அண்ணன்.

"கலைக்க முடியாதுண்ணே."

"முடியாதா, மாட்டியா?"

"ரெண்டும்தான்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "விடு மச்சான்" என்றான் கொக்கி. "அவளுக்குத் தெரியும்."

மேடம் திரும்பி வந்து இறங்கினாள். உடைந்த ஓட்டைப் பார்த்தாள், சிப்பிக்காரியின் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். கல்லாகிய சேற்றைத் தூரிகையால் துடைத்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

நாலாம் நாள் எண்ணி முடித்தார்கள். ஒன்றரைச் சதுர அடியில் நாற்பத்து மூன்று நின்றன. எல்லாம் மூடியவை. மேடம் எழுதி, சாட்சி என்ற இடத்தில் சிப்பிக்காரியிடம் கையெழுத்து வாங்கினாள். அறிவிப்பு முன்னைவிட உறுதியாகிவிட்டது.

"ஒங்க வீட்டு நெலமைய தனியா எழுதறேன்" என்றாள் மேடம் கிளம்பும்போது, நிலைப்படியில் நின்று. கொக்கியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் காலைப் பார்த்தாள். "கீழ்த் தெருவுல வீடு குடுக்கச் சொல்லி. எப்ப நடக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"எழுதுங்க" என்றான் கொக்கி. "லட்சம் வருஷத்து விஷயத்தையே கண்டுபுடிச்சிருக்கீங்க. இதுக்கு ஒரு தேதி கண்டுபுடிக்க முடியாதா?"

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

ஆய்வுக் குழியைத் திறந்தபடியே விடக்கூடாது, சுத்தமான மணல் போட்டு மூட வேண்டும், அதுவும் அவர்கள் விதி. மறுநாள் எழுத்தர் நாற்பது மூட்டை மணலைச் சந்தில் இறக்கினார். குழியை மூடும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள். அண்ணன் மேலிருந்து மூட்டையைப் பிரித்துக் கொட்ட, அவள் உள்ளே நின்று, நிற்கிற சிப்பிகள் அசையாதபடி மணலை இடுக்குகளில் கையால் இட்டு, மேலே பரப்பி, காலால் மிதித்தாள். கழுத்து மட்டத்தில் இருந்த சந்துத் தரை அவளுடைய இடுப்புக்கு இறங்கியது. எழுத்தர் விளிம்பில் நின்று மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணினார்.

இருபத்து மூன்றாவது மூட்டையின்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏய். வேலைய முடிச்சிட்டே வா. அவசரமில்ல."

அவளுக்கு அந்தக் குரல் தெரியும். அவசரமில்லாவிட்டால் கூப்பிட்டிருக்கவே மாட்டான்.

"மூட்டைய நிறுத்துண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் ஏணியில் ஏறினாள். சந்துக் குழாயில் முழங்கை வரை மணலைக் கழுவினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.